விவிலியக் கதையை ஓவியத்தில் படிப்பது எப்படி: மத்தியகாலச் சுவடி முதல் ரெம்ப்ராண்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றைப் பார்க்கிறீர்கள். ஒரு பெண், ஒரு வாள், ஒரு தலை. அல்லது ஒரு சிறுவன், ஒரு மீன், ஒரு வானதூதர். இவர்கள் யார், என்ன நடக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் நீங்களே விடை கண்டுபிடிக்க உதவுவதுதான் இந்த வழிகாட்டி.

புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பல படங்களைப் பார்த்திருக்கிறேன். விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் தடுமாறுகிறார்கள், விவிலியமே படிக்காதவர்களும் தடுமாறுகிறார்கள். இரு தரப்பும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: வரிசை. முதலில் தலைப்பைப் படிக்கிறார்கள், அடுத்து நினைவில் இருக்கும் கதையைச் சொல்கிறார்கள், கடைசியில்தான் படத்தைப் பார்க்கிறார்கள். அதற்குள் கண் மூடிவிடுகிறது. கீழே உள்ள வரிசையை முதல் பத்துப் படங்களுக்காவது மாற்றாமல் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை சரியான விவிலியம். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை, இணைத்திருமுறை நூல்கள் (புரொட்டஸ்டன்ட் விவிலியத்தில் இல்லாத பழைய ஏற்பாட்டு நூல்கள்) அடங்கிய பதிப்பாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யூதித்து, தோபித்து, சூசன்னா ஆகிய கதைகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஓவியர்கள் இவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சிறுவன் மீனோடும் வானதூதரோடும் நடக்கும் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் வீட்டில் இருந்தது பழைய புரொட்டஸ்டன்ட் பதிப்பு. மீன் என்றதும் பேதுரு கதைகளில் தேடினேன், யோனாவில் தேடினேன், கிடைக்கவே இல்லை. கதை தோபித்து நூலில் இருந்தது. அந்த நூல் என் கையிலிருந்த புத்தகத்தில் இல்லை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்றால் பேதுரு, அருளப்பர் என்றால் யோவான், சூசையப்பர் என்றால் யோசேப்பு. சங்கீதம் என்பதும் திருப்பாடல் என்பதும் ஒரே நூல். பாட்டியிடம் கேட்ட கதையும் கையில் உள்ள புத்தகமும் வேறு வேறு பெயர் சொன்னால் குழம்பாதீர்கள்.

இரண்டாவது, பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படம். சுவடி ஓவியங்கள் பல உள்ளங்கை அளவுதான் இருக்கும். பகிர்வில் வரும் மங்கலான படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. சுவடி உள்ள நூலகம் அல்லது ஓவியம் உள்ள அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளமும் நியூயார்க்கின் மார்கன் நூலகத் தளமும் தொடக்கத்துக்குப் போதும்.

மூன்றாவது, ஒரு நோட்டும் பென்சிலும். ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும்.

1. தலைப்பை மறைத்துவிட்டு, கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எத்தனை பேர், ஆணா பெண்ணா, என்ன வயது, கையில் என்ன, எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஓரங்களில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 'இயேசு' என்று எழுதாதீர்கள். 'சிவப்பு உடை, தாடி, தலைக்குப் பின்னால் வட்டம், வட்டத்துக்குள் சிலுவைக் கோடு' என்று எழுதுங்கள்.

பெயரை எழுதியவுடன் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். அடுத்து பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்குப் பொருந்துவதாகவே தோன்றும், பொருந்தாதது கண்ணில் படாது. தலைப்பை மறைப்பதற்குக் காரணம் இதுதான்.

தலைப்புகள் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானவையும் இல்லை. வெனிஸ் அக்கதேமியாவில் வெரோனேசே 1573-இல் வரைந்த பெரிய விருந்துப் படம் ஒன்று இருக்கிறது. அதை அவர் வரைந்தது இறுதி இராவுணவாக. கோமாளியும் குள்ளர்களும் ஜெர்மன் சிப்பாய்களும் அந்த விருந்தில் என்ன செய்கிறார்கள் என்று திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. கடைசியில் படத்தை மாற்றாமல் பெயரை மாற்றினார்கள். லூக்கா 5-ஆம் அதிகாரத்தைச் சுட்டும் வரி சேர்க்கப்பட்டு, 'லேவி வீட்டு விருந்து' ஆனது. தலைப்பை நம்பிப் போகிறவருக்கு அந்தப் படத்தில் கிறிஸ்துவின் இரு பக்கமும் பேதுருவும் யோவானும் ஏன் அப்படி அமர்ந்திருக்கிறார்கள் என்பது பிடிபடவே பிடிபடாது.

சுவடிகளில் நிறம் மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளி பூசிய இடம் காலப்போக்கில் கறுத்துவிடும். கறுப்பு வாளோ கறுப்பு நீரோ தெரிந்தால், ஓவியர் கறுப்பாகவே வரைந்தார் என்று எழுதாதீர்கள்.

2. படம் எங்கே இருந்தது என்று கேளுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பாதி வேலையை முடித்துக்கொடுக்கும் படியும் இதுதான். இந்தப் படங்கள் அருங்காட்சியகச் சுவருக்காக வரையப்பட்டவை அல்ல. ஒரு நூலின் குறிப்பிட்ட பக்கத்துக்கு, பலிபீடத்துக்கு, மடத்தின் உணவுக்கூடத்துக்கு என்று வரையப்பட்டவை. இருந்த இடம் தெரிந்தால் எந்தக் கதை வரலாம் என்ற பட்டியல் சுருங்கிவிடும்.

சுவடியில் இருந்து தொடங்குவோம். மத்தியகாலத்தின் பிற்பகுதியில் பொதுமக்களில் வசதியுள்ளவர்கள் வைத்திருந்த செபநூலில், நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் மரியாவின் மணிவேளைச் செபங்களுக்குப் பெரும்பாலும் ஒரு நிலையான பட வரிசை உண்டு. விடியலுக்கு முந்தைய செபத்துக்கு மங்கள வார்த்தை, அதாவது இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவுக்கு அறிவிப்பது. அடுத்து மரியா எலிசபெத்தைச் சந்திப்பது, பிறகு இயேசு பிறப்பு, இடையர்களுக்கு வானதூதர் அறிவிப்பது, ஞானிகள் வணங்குவது, கோவிலில் காணிக்கையாக்குவது, எகிப்துக்கு ஓடுவது. கடைசியாக, படுக்கப்போகும் முன் சொல்லும் செபத்துக்கு மரியா முடிசூட்டப்படுவது. ஏழு தவத் திருப்பாடல்கள் தொடங்கும் இடத்தில் தாவீது வருவார், சில நூல்களில் குளிக்கும் பத்சேபா வருவாள். இறந்தோர் செபத்தில் யோபு, அல்லது உயிர்த்தெழும் இலாசர், அல்லது ஓர் அடக்கச் சடங்கு. இந்த வரிசை மனத்தில் இருந்தால், கிழிந்துபோய்த் தனியாகக் கிடைக்கும் ஏட்டைக்கூட எந்த இடத்துக்கு உரியது என்று சொல்லிவிடலாம்.

திருப்பாடல் சுவடியில் வேறு கணக்கு. அங்கே ஓவியம் பாடலின் முதல் எழுத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். முதல் பாடல் இலத்தீனில் 'பெயாத்துஸ் வீர்' என்று தொடங்குவதால் அந்தப் பெரிய 'பி' எழுத்துக்குள் தாவீது யாழ் மீட்டுவார். 'கடவுள் இல்லை' என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் அறிவிலியைப் பற்றிய பாடலில், கையில் தடியோடு ஒரு பித்தன் நிற்பான். 'கடவுளே, என்னைக் காப்பாற்றும், வெள்ளம் கழுத்துவரை வந்துவிட்டது' என்ற பாடலில் தாவீது தண்ணீருக்குள் கைகூப்பி நிற்பார், அல்லது யோனா மீன்வாயில் இருப்பார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இலத்தீன் விவிலியம் 9, 10 ஆகிய இரண்டு பாடல்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிறது. அதனால் அங்கிருந்து பெரும்பகுதிவரை சுவடியின் எண் நம் விவிலியத்தின் எண்ணைவிட ஒன்று குறைவு. வெள்ளப் பாடல் சுவடியில் 68, நம் கையில் 69. அறிவிலிப் பாடல் அங்கே 52, இங்கே 53. எண்ணை அப்படியே எடுத்துப் புரட்டிவிட்டு, 'படத்துக்கும் பாடலுக்கும் சம்பந்தமே இல்லை' என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆலயச் சுவராக இருந்தால், அது யாருடைய சிற்றாலயம் என்று கேளுங்கள். உரோமையில் சான் லூயிஜி தே ஃபிரான்செசி ஆலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு அழைப்பு இருக்கிறது. எதிர்ச் சுவரில் அதே மத்தேயு கொல்லப்படுகிறார், நடுவில் அவர் நற்செய்தி எழுதுகிறார். சிற்றாலயத்துக்குப் பணம் விட்டுச்சென்ற கர்தினால் கொன்தரேல்லியின் பெயரும் மத்தேயுதான். அந்த ஒரு தகவல் தெரிந்தால் மூன்று சுவரும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். மிலானில் லியொனார்தோவின் இறுதி இராவுணவு இருப்பது தொமினிக்கன் துறவிகளின் உணவுக்கூடத்தில். அவர்கள் சாப்பிடும்போது எதிரில் இன்னொரு சாப்பாட்டு மேசை தெரிந்தது.

3. ஆளைச் சொல்லும் பொருளைத் தேடுங்கள்

இப்போதுதான் பெயர்களுக்கு வர வேண்டும். முகத்தை வைத்துத் தேடாதீர்கள். கையில் இருக்கும் பொருளும் காலடியில் இருக்கும் விலங்கும்தான் அடையாளம். வேலைப் பார்த்து முருகன் என்றும், மயிலையோ எலியையோ பார்த்து யார் வாகனம் என்றும் சொல்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

சாவி பேதுருவுக்கு. வாள் பவுலுக்கு. ஒட்டகத் தோலும் ஆட்டுக்குட்டியும் மெல்லிய நாணல் சிலுவையும் திருமுழுக்கு யோவானுக்கு. பரிமளத் தைலச் சிமிழும் அவிழ்ந்த நீண்ட கூந்தலும் மகதலா மரியாவுக்கு. பணப்பை யூதாசுக்கு. ஒளிவட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது கிறிஸ்து, அல்லது மூவொரு கடவுளின் மற்ற இருவரான தந்தை, தூய ஆவி ஆகியோரில் ஒருவர். வேறு எந்தப் புனிதருக்கும் அது கிடையாது. மேகத்திலிருந்து நீளும் கை மட்டும் தெரிந்தால் கடவுளின் கை.

நற்செய்தி எழுதியவர்கள் நால்வருக்கும் நான்கு உயிர்கள்: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. எசேக்கியேல் நூலின் முதல் அதிகாரத்திலும் திருவெளிப்பாடு 4-ஆம் அதிகாரத்திலும் வரும் நான்கு உயிர்களே இவை. இலண்டனில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியில் இந்த உயிர்களுக்குப் பக்கத்திலேயே பெயரும் எழுதியிருப்பதால் பழகுவதற்கு அது நல்ல இடம்.

நிறத்தை வைத்து மட்டும் ஆளை முடிவு செய்யாதீர்கள். நீல உடை என்றால் மரியா என்று பலர் மனப்பாடம் செய்து வருகிறார்கள். வான் ஐக் வரைந்த மரியா பலமுறை சிவப்பில் இருக்கிறாள். யூதாசுக்கு மஞ்சள் என்பதும் அப்படித்தான். பதுவாவின் ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ வரைந்த முத்தக் காட்சியில் யூதாசின் மஞ்சள் மேலாடை கிறிஸ்துவை அப்படியே மூடிக்கொள்கிறது, பார்த்தால் மறக்காது. ஆனால் நீலத்தின் மேல் மஞ்சள் போர்த்துவது பேதுருவுக்கும் வழக்கமான உடை. நிறம் ஒரு சாட்சி மட்டுமே, இரண்டாவது சாட்சி வேண்டும்.

4. ஒரே ஆள் இரண்டு முறை வருகிறாரா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் ஆட்களை எண்ணிவிட்டால் கணக்கு தப்பிவிடும். ஒரே சட்டகத்துக்குள் கதையின் பல கட்டங்களை வரைவது மத்தியகாலத்தில் இயல்பு, மறுமலர்ச்சிக் காலத்திலும் அது தொடர்ந்தது. நம் கோயில் சுவரோவியங்களில் இராமன் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மசாச்சோ 1420-களில் பிளாரன்ஸின் பிரன்காச்சி சிற்றாலயத்தில் வரைந்த வரிப்பணக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள், நமக்கு முதுகு காட்டி நிற்கும் வரி வசூலிப்பவர். கிறிஸ்து கையை நீட்டுகிறார், பேதுருவும் அதே பக்கம் கையை நீட்டுகிறார். இடது ஓரத்தில், தூரத்தில், ஒரு கிழவர் கரையில் குந்தி மீனின் வாயைத் திறக்கிறார். அவரும் பேதுருதான். வலது ஓரத்தில் வசூலிப்பவரின் கையில் காசை வைப்பவரும் பேதுருவே. மூன்று பேதுரு, இரண்டு வசூலிப்பவர்.

வரிசையைக் கவனியுங்கள்: நடு, இடது, வலது. இடமிருந்து வலமாகப் படித்தால் கதை உடைந்துபோகும். மத்தேயு 17:24-27-ஐத் திறந்து வைத்து, நீட்டிய கைகள் எந்தப் பக்கம் அனுப்புகின்றனவோ அந்தப் பக்கம் போங்கள்.

ஒரே ஆளைக் கண்டுபிடிக்க உடையை ஒப்பிடுவதுதான் வழி. வியன்னாவில் உள்ள 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கநூல் சுவடியில், ஊதாச் சாயம் ஏற்றிய தோல்தாளில், ரெபேக்கா குடத்தோடு ஊரைவிட்டு வருகிறாள். கீழே அவளே ஆபிரகாமின் ஊழியருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். உடையும் குடமும் அதே. இரண்டு பெண்கள் என்று எழுதிவிட்டால் அப்புறம் தொடக்கநூல் 24-ஆம் அதிகாரம் பொருந்தவே பொருந்தாது.

5. ஒன்றுபோல் தெரியும் கதைகளைப் பிரியுங்கள்

இங்கேதான் அதிகமானோர் விழுகிறார்கள். ஒரு அடையாளம் கிடைத்ததும் முடித்துவிடாமல், 'இதே பொருள் வேறு எந்தக் கதையில் வரும்?' என்று கேளுங்கள்.

பெண்ணும் வெட்டிய தலையும்: யூதித்து ஆக இருக்கலாம், ஏரோதியாளின் மகள் ஆகவும் இருக்கலாம். யூதித்து தானே தலையை வெட்டினாள், ஆகவே வாள் அவளுடையது. கூடவே ஒரு பணிப்பெண்ணும் தலையைப் போட்டுக்கொண்டு போக ஒரு பையும் இருக்கும். ஏரோதியாளின் மகள் யாரையும் வெட்டவில்லை. திருமுழுக்கு யோவானின் தலை அவளுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே தட்டு அவளுடையது. இவளுக்குச் சலோமி என்ற பெயரை நற்செய்தி தரவில்லை, அது வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் தந்த பெயர்.

வாளும் இருக்கிறது, தட்டும் இருக்கிறது என்றால்? 17-ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ மஃபேய் அப்படித்தான் வரைந்தார். கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் பிடித்தமானது. உரையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அவர் மற்ற படங்களைப் பார்த்தார். ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் தட்டோடு நிற்கும் யூதித்து படங்கள் கிடைத்தன, பக்கத்தில் பணிப்பெண்ணும் இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. வாளோடு நிற்கும் சலோமி ஒன்றுகூட அகப்படவில்லை. ஆகவே மஃபேய் வரைந்தது யூதித்து. உரை முடிவு சொல்லாத இடத்தில் ஓவியர்களின் வழக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

குளிக்கும் பெண்ணும் பார்க்கும் ஆணும்: பார்ப்பவர்கள் இரண்டு கிழவர்கள், இடம் தோட்டம் என்றால் சூசன்னா. பார்ப்பவர் ஒருவர், தலையில் கிரீடம், தூரத்தில் மாடியில் நிற்கிறார் என்றால் தாவீதும் பத்சேபாவும், 2 சாமுவேல் 11. சூசன்னா மறுத்தாள், பொய்க்குற்றம் சாட்டப்பட்டாள், தானியேல் அவளைக் காப்பாற்றினார். இரண்டு கதையையும் குழப்பினால் ஒரு பெண்ணின் மறுப்பையே அழித்துவிடுகிறோம். அதனால்தான் இந்த இணையில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

மீனும் ஆளும்: மீனை மனிதன் சுமந்தால் தோபியா, மீன் மனிதனை விழுங்கினால் யோனா, மீனின் வாயில் காசு இருந்தால் பேதுரு.

6. உரையைத் திறந்து, எந்த நொடி என்று வசனத்தோடு குறியுங்கள்

கதையின் பெயர் தெரிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஓவியர் தேர்ந்தெடுத்தது ஒரு நொடியை. அந்த நொடி எது என்று தெரியாமல் முகங்களில் உள்ள உணர்ச்சியைப் படிக்க முடியாது.

இறுதி இராவுணவு என்றால் எது? 'உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்று சொல்லும் நொடியா, அப்பத்தையும் இரசத்தையும் ஆசீர்வதிக்கும் நொடியா? லியொனார்தோ முதலாவதைப் பிடிக்கிறார், அதனால் மேசை முழுக்கக் கொந்தளிப்பு, பேதுருவின் கையில் கத்தி, யூதாசின் கையில் பை. லூவனில் டீரிக் பௌட்ஸ் 1460-களில் வரைந்த பலிபீடப் படம் இரண்டாவதைப் பிடிக்கிறது. அங்கே எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். நொடி தெரியாதவர் பௌட்ஸின் படத்தை 'உயிரில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது வழிபாட்டின் அமைதி.

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் கரவாஜ்ஜோவின் எம்மாவு விருந்து, 1601. லூக்கா 24:30-31. உயிர்த்த இயேசு, தம்மை அடையாளம் தெரியாத இரு சீடரோடு உட்கார்ந்து அப்பத்தை எடுத்து ஆசி கூறுகிறார், அவர்கள் கண்கள் திறக்கின்றன, அவர் மறைந்துவிடுகிறார். ஓவியர் நிற்பது 'கண்கள் திறந்தன' என்ற சொல்லில். இடது பக்கச் சீடரின் முழங்கை கிழிந்த சட்டையோடு நம் பக்கம் துருத்துகிறது, நாற்காலியைத் தள்ளி எழப் போகிறார். வலது பக்கச் சீடர் கைகளைச் சிலுவைபோல் விரிக்கிறார். பின்னால் நிற்கும் விடுதிக்காரருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. கிறிஸ்துவுக்குத் தாடி இல்லாதது பலரைத் திகைக்க வைக்கும். அதற்கு மாற்கு 16:12-ஐப் பாருங்கள், அவர் 'வேறு உருவில்' தோன்றினார் என்று இருக்கிறது.

உரை சொல்லாததை ஓவியம் சொல்லாது என்று நினைக்காதீர்கள். மத்தேயு 9:9 ஒரே வசனம். இயேசு 'என்னைப் பின்பற்றி வா' என்றார், மத்தேயு எழுந்து போனார். கரவாஜ்ஜோவின் படத்தில் மேசையைச் சுற்றி ஐந்து பேர். தாடிக்காரர் விரலை நீட்டுகிறார், தன்னையா, ஓரத்தில் காசு எண்ணும் இளைஞனையா? இன்றும் வாதம் நடக்கிறது. எது சரி என்று அவசரப்பட வேண்டாம், இரண்டு வாசிப்பையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

7. உரையில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, எங்கிருந்து வந்தன என்று தேடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். படத்தையும் வசனத்தையும் பக்கத்தில் வைத்து, படத்தில் இருந்து வசனத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் எழுதுங்கள். புதியவர்கள் இவற்றை 'ஓவியரின் கற்பனை' என்று தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவற்றுக்கு ஒரு மூலம் இருக்கும்.

தொழுவத்தில் மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. எசாயா 1:3-இல், தன் உடைமையாளரை அறியும் மாடும் தன் தலைவரின் தீவனத்தொட்டியை அறியும் கழுதையும் வருகின்றன. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆள் மூவராகிவிட்டார்கள்.

குழந்தைக்குப் பக்கத்தில் மருத்துவச்சிகள் இருந்தால் யாக்கோபின் முதல் நற்செய்தி என்று வழங்கும் பழைய நூலைப் பாருங்கள். திஜோனில் உள்ள ராபர்ட் காம்பினின் பிறப்புக் காட்சியில் ஒரு மருத்துவச்சியின் கை சூம்பித் தொங்குகிறது. மரியாவின் கன்னிமையைச் சந்தேகித்துச் சோதித்த கை அது. குழந்தை வெறுந்தரையில் ஒளிவீசிக் கிடக்க, மரியா முழந்தாளிட்டு வணங்கினால் 14-ஆம் நூற்றாண்டில் சுவீடனின் பிரிஜித்தா கண்ட காட்சியின் தாக்கம். மரியா படுத்திருந்தால் அதற்கு முந்தைய கிழக்கத்திய வழக்கம். ஒரே பிறப்புக் காட்சி, மூன்று ஊற்றுகள்.

புனிதர்களின் கதைகளுக்கு 13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராஜினே தொகுத்த பொற்கதைகள் நூல் பெரிய சுரங்கம்.

மொழிபெயர்ப்பே மூலமாகும் இடமும் உண்டு. மோசேயின் தலையில் ஏன் கொம்பு? விடுதலைப் பயணம் 34:29-இல் சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிர்ந்தது. அந்த எபிரேயச் சொல்லின் வேர் கொம்பையும் குறிக்கும். விவிலியத்தை மொழிபெயர்த்த எரோணிமுஸ் இலத்தீனில் 'கொம்புள்ள' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சுவடியில் தொடங்கி மைக்கேலாஞ்சலோவின் சிலைவரை கொம்பு வந்துவிட்டது.

சிலது உரையிலிருந்து வேண்டுமென்றே விலகும். லூவரில் உள்ள ரெம்ப்ராண்டின் பத்சேபா, 1654. தாவீது படத்தில் இல்லை. பத்சேபாவின் கையில் ஒரு கடிதம். வசனத்தில் அரசன் ஆள்தான் அனுப்பினான், அவளுக்குக் கடிதம் அனுப்பியதாக இல்லை. பார்க்கிற அரசனை நீக்கி, முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மட்டும் வைத்துவிட்டார் ஓவியர். உரையோடு ஒப்பிடாமல் இது தெரிய வழியே இல்லை.

உடையையும் கட்டடத்தையும் மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 1566-இல் ப்ரூகல் வரைந்த பெத்லகேம் கணக்கெடுப்பில் பனி மூடிய பிளாண்டர்ஸ் கிராமம்தான் இருக்கும். கூட்டத்துக்குள் கழுதைமேல் போர்வை போர்த்திய ஒரு பெண் வருகிறாள், அவ்வளவுதான் மரியா. தங்கள் ஊரிலேயே கதையை நடத்துவது அந்தக் காலத்தின் பொது வழக்கம்.

8. பக்கத்தில் உள்ள படத்தையும் சேர்த்துப் படியுங்கள்

பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சி ஒவ்வொன்றும் புதிய ஏற்பாட்டுக்கு முன்னறிவிப்பு என்பது மத்தியகாலத்தின் உறுதியான நம்பிக்கை. அதனால் படங்கள் ஜோடியாகவோ மூன்றாகவோ வரும். 15-ஆம் நூற்றாண்டின் 'ஏழைகளின் விவிலியம்' எனப்படும் ஏடுகளில், கிறிஸ்து உயிர்ப்பது நடுவில் இருக்கும். ஒரு பக்கம் காசாவின் நகரக் கதவைப் பெயர்த்துத் தூக்கிப்போகும் சிம்சோன், மறுபக்கம் மீன் வாயிலிருந்து வெளியே வரும் யோனா. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏன் சேர்ந்திருக்கின்றன என்று புரியாது. மூன்றிலும் மூடியிருந்தது திறக்கிறது.

ஒரே படத்துக்குள்ளும் இந்த ஜோடி ஒளிந்திருக்கும். மத்ரித்தில் உள்ள ஃப்ரா ஆஞ்சலிகோவின் மங்கள வார்த்தைப் படத்தில் இடது ஓரத்தில் ஆதாமும் ஏவாளும் தோட்டத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். வாஷிங்டனில் உள்ள வான் ஐக்கின் மங்கள வார்த்தையில் தரைக் கற்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோலியாத்தை வெட்டும் தாவீது, கட்டடத்தை இடிக்கும் சிம்சோன். அதே படத்தில் மரியாவின் பதில் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருக்கும் கடவுள் படிப்பதற்காக.

9. எல்லாப் படிகளையும் ஒரே படத்தில் செய்து பாருங்கள்

ரெம்ப்ராண்ட், 1630-களின் நடுப்பகுதி, இலண்டன் தேசிய ஓவியக்கூடம். தலைப்பை மறைத்துவிட்டோம்.

கண்ணில் படுவது: தலைப்பாகைமேல் சின்னக் கிரீடம் வைத்த பருத்த ஆண், பாதி எழுந்து திரும்புகிறார். அவர் கை தங்கப் பாத்திரத்தைத் தட்டிவிடுகிறது. வலது பக்கம் சிவப்பு உடைப் பெண் ஒதுங்குகிறாள், கிண்ணத்திலிருந்து இரசம் கொட்டுகிறது. மேலே மேகத்திலிருந்து ஒரு கை, சுவரில் ஒளிரும் எழுத்து.

அடையாளப் பொருள்: சுவரில் எழுதும் கை. விருந்தில் எழுதும் கை வருவது ஒரே கதையில், தானியேல் 5. அரசன் பெல்சாட்சர். வசனம் 2, 3-இல் அந்தப் பாத்திரங்கள் எருசலேம் கோவிலிலிருந்து கொள்ளையடித்தவை. தங்கம் ஏன் இத்தனை அழுத்தமாக வரையப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே காரணம். நொடி: வசனம் 5, 6. தானியேல் இன்னும் வரவில்லை, யாருக்கும் பொருள் தெரியாது. வெறும் பயம் மட்டும் இருக்கிறது.

உரையில் இல்லாதது: உரையில் ஒளி விளக்குத்தண்டிலிருந்து, படத்தில் எழுத்தே வெளிச்சம். எழுத்து எபிரேயம், ஆனால் வரிவரியாக இல்லாமல் மேலிருந்து கீழாக, மூன்று மூன்று எழுத்தாக, ஐந்து பத்தியில் நிற்கிறது. வலது பத்தியிலிருந்து இறக்கி இறக்கிப் படித்தால் 'மெனே, மெனே, தெகேல்' என்று தொடங்கும். பாபிலோன் ஞானிகள் ஏன் படிக்கத் திணறினார்கள் என்பதற்கு யூத மரபு தரும் விளக்கம் இது. ஆம்ஸ்டர்டாமில் ரெம்ப்ராண்டுக்கு அருகில் யூத அறிஞர்கள் வாழ்ந்தார்கள். கடைசி எழுத்து மட்டும் தவறு, 'நூன்' என்ற எபிரேய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஸாயின்' என்ற எழுத்து. பெரிதாக்கிப் பாருங்கள், எழுதும் விரல் இன்னும் அதே எழுத்தின்மேல்தான் இருக்கிறது.

10. அடுத்து எதை எடுப்பது

தனிப் படங்களில் தொடங்காமல் வரிசையாக ஓடும் ஒரு சுவடியில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் உள்ள படங்கள் உங்கள் தவறைத் திருத்திவிடும்.

என் தேர்வு மார்கன் நூலகத்தின் சிலுவைப்போர் விவிலியம், 1240-களை ஒட்டிப் பாரிசில் வரையப்பட்டது. முதலில் அதில் எழுத்தே இல்லை. படங்கள் மட்டுமே படைப்பிலிருந்து தாவீதுவரை ஓடின. பின்னால் இலத்தீன் விளக்கம் சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராக்கோவின் கர்தினால் அனுப்ப, அது பாரசீகத்தின் ஷா அப்பாஸ் கைக்குப் போனதும் ஓரத்தில் பாரசீக எழுத்து ஏறியது. அதன்பின் எபிரேய எழுத்திலும் பாரசீகம் எழுதினார்கள். மூன்று கூட்டத்தார் ஒருவர்பின் ஒருவராக இதே படங்களை உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

தாவீதும் கோலியாத்தும் வரும் ஏட்டைத் திறங்கள். ஓரத்து எழுத்துகளைக் காகிதத்தால் மறையுங்கள். 1 சாமுவேல் 17-ஐ இன்னும் திறக்க வேண்டாம். கவணும் கல்லும் எத்தனை முறை வருகின்றன, அந்தச் சிறுவன் எத்தனை முறை வருகிறான் என்று முதலில் எண்ணி எழுதுங்கள்.